மணி அடித்த பிறகு

அத்தியாயம் 19

போன புதன்கிழமை, பொதுக் குளியல் கூடத்தின் ஆவிக்கு நடுவே, மாமியாரின் முதுகைத் தேய்த்துக்கொண்டே மருமகள் இன்யோங் சொன்ன ரகசியத்தைப் போங்சூன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இதை நம்ப மறுக்கிறவர்கள் கொரியாவின் மொக்போ ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. போங்சூன் காதுக்குள் போன சேதி ஒரு ராத்திரி அங்கே தங்கியதாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் இந்தச் சேதி வெளியே விடக்கூடியது இல்லை. பத்தொன்பது வயதில், கல்யாணம் ஆகாமலே, இன்யோங் ஒரு குழந்தை பெற்றிருக்கிறாள். பெற்ற கையோடு தத்துக் கொடுத்துவிட்டாள். கட்டிய கணவன் தேஷிக்குக்கு இது தெரியாது. கல்யாணமாகி எட்டு வருஷமாகத் தொட்டில் ஆடாத வீடு அது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறக்க வேண்டும் என்று சபை மொத்தமும் வாராவாரம் முழங்கால் போடுகிறது.

"அந்தப் பாவத்துக்குத்தான் ஆண்டவர் எனக்குக் குழந்தை குடுக்க மாட்டேங்கிறாரோ அத்தை?" என்று அன்று இன்யோங் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

போங்சூன் வெந்நீரில் துண்டை நனைத்து அவள் தோளில் போர்த்தினாள். "அப்படிக் கணக்குப் பார்க்கிறவர் இல்லடி நம்ம ஆண்டவர். நீ என் மக. இந்த விஷயம் என்னோட போகும்" என்றாள். சொன்னதை மனசாரத்தான் சொன்னாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு ஏற்றாற்போல் இந்த நவம்பரைச் சபையில் நாவைக் காக்கும் மாதம் என்று அறிவித்திருந்தார்கள். பாஸ்டரம்மா எல்லோருக்கும் ஆளுக்கொரு பச்சை ரப்பர் வளையம் கொடுத்தாள். யாரையாவது திட்டினாலோ, புறம் பேசினாலோ, முணுமுணுத்தாலோ, வளையத்தைக் கழற்றி அடுத்த கைக்கு மாற்றிவிட வேண்டும். கிழவி மால்சூனின் வளையம் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் அலைந்து அலைந்து இரண்டே நாளில் அறுந்துபோயிற்று. "எனக்கு வளையல் போதாதும்மா, சங்கிலி போட்டாத்தான் சரிப்படும்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

போங்சூனின் வளையம் இடது கையை விட்டு அசையவில்லை. வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் "வேற ஜெபக்குறிப்பு இருக்கா குவொன்சாம்மா?" என்று கேட்டபோதுகூட, சேதி நாக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது. கடித்து விழுங்கினாள். "மருமக உடம்புக்காக ஜெபிச்சுக்கோங்க, அவ்வளவுதான்" என்றாள். சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மூத்த பெண்களுக்குத்தான் குவொன்சா என்ற பட்டம். அந்தப் பட்டத்துக்கு இன்றைக்குத்தான் தகுதி வந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

இன்று சனிக்கிழமை. சபையில் கிம்ச்சி, அதாவது காரமான கோஸ் ஊறுகாய், போடும் நாள்.

காலையிலேயே முற்றத்தில் சிவப்பு ரப்பர்த் தொட்டிகள் வரிசையாக வந்துவிட்டன. ராத்திரி முழுக்க உப்பில் ஊறிய கோஸ்களை இன்யோங்கும் இன்னும் இரண்டு இளம் பெண்களும் ரப்பர்க் குழாயால் அலசிக்கொண்டிருந்தார்கள். தனியாக இருக்கிற கிழவர் கிழவிகள் வீட்டுக்கெல்லாம் குளிர்காலத்துக்கு இந்தக் கிம்ச்சிதான் போகும்.

மூத்த பெண்கள் முதலில் கோயிலுக்குள் கூடினார்கள். ஜெபம் பண்ணாமல் இங்கே கத்தியைக்கூடத் தொட மாட்டார்கள்.

"நம்ம சபை வீடுகளுக்காக, நம்ம பிள்ளைகளுக்காக, ஒருமனமா உரக்க ஜெபிப்போம்" என்றாள் பாஸ்டரம்மா.

"கர்த்தாவே! கர்த்தாவே! கர்த்தாவே!" என்று மூன்று தரம் கூரை அதிரக் கூப்பிட்டார்கள். அதன்பிறகு அவரவர் ஜெபம். எல்லோரும் ஒரே நேரத்தில், முழுத் தொண்டையில், அவரவர் சொந்த வார்த்தையில். சந்தைக்கடை தோற்றுப்போகும் இரைச்சல். பக்கத்தில் இருப்பவள் என்ன கேட்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவளுக்கே தெரியாது. புருஷன் குடி, நாத்தனார் பேராசை, மகனுக்கு அமையாத வேலை, எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் கொட்டிவிடலாம். வீட்டில் நாலு சுவருக்குள் வாய்விட முடியாததை இங்கே இத்தனை பேர் நடுவே வாய்விட்டுச் சொல்லலாம். பாஸ்டரம்மா மேடையிலிருக்கும் சின்னப் பித்தளை மணியை ஒரு தட்டு தட்டினால் அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். அது இங்கே எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம்.

போங்சூன் முன்வரிசையில் முழங்காலில் இருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள். "ஆண்டவரே, என் மருமகளைத் தேற்றும். அவ மனசைக் குணமாக்கும். அவ கண்ணீரைத் துடையும்." எத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பாரம்! இறங்க இறங்க அவளுக்குச் சுகமாக இருந்தது. குரல் தானாக ஏறிற்று.

பாரத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது இத்தனை நாள் அவளுக்கே தெரியவில்லை. பேரப்பிள்ளைக்காக அவள் எடுத்த உபவாசங்கள், பனியில் நடந்து போன விடியற்கால ஜெபங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மனசில்லாமல் நின்ற மகன், எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. முஷ்டியால் தரையைக் குத்தினாள். என்ன சொல்கிறோம் என்று பார்க்கவில்லை. வந்ததைச் சொன்னாள்.

மணி அடித்தது. எல்லா வாயும் நின்றது. போங்சூனுக்கு மட்டும் அது கேட்கவில்லை.

"பெத்த பிள்ளையைத் தூக்கிக் குடுத்தவளுக்கு நீர் எப்படிப் பிள்ளை குடுப்பீர்! இன்யோங் கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணின பாவத்துக்கு என் தேஷிக் ஏன் ஆண்டவரே வம்சமத்துப் போகணும்!"

அந்தக் கடைசி வார்த்தை சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் கண்ணைத் திறந்தாள்.

ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் யாரோ ஒருத்தி இல்லாத இருமலை இருமினாள். வெளியே முற்றத்தில் ரப்பர்க் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தமும் இன்யோங்கின் சிரிப்பும் கேட்டன. நல்லவேளை, அவள் காதில் விழவில்லை.

"ஆமென்" என்றாள் பாஸ்டரம்மா அவசரமாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜெபத்துல கேட்டது ஜெபத்தோட இருக்கட்டும். இந்த வாசலைத் தாண்டக் கூடாது. சரிதானே?" என்றாள்.

"ஆமென்!" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

அந்த ஆமெனின் பலம் போங்சூனுக்கு நன்றாகத் தெரிந்த பலம். தானும் எத்தனையோ தடவை இதே மாதிரி பலமாக ஆமென் சொல்லிவிட்டு நேரே போன் பண்ணப் போனவள்தானே அவள்.

முற்றத்தில் வேலை ஆரம்பமாயிற்று. மிளகாய்த்தூள், முள்ளங்கி, நெத்திலிச் சாறு, பூண்டு எல்லாம் சேர்த்துப் பிசைந்த கலவையைக் கோஸின் இதழ் இதழாகத் தடவினார்கள். மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் அரட்டை வானத்தைத் தொட்டிருக்கும். இன்று பேச்சே இல்லை. "உப்பு சரியா இருக்கா?" "இருக்கு." "அந்தத் தொட்டியைத் தள்ளு." இவ்வளவுதான்.

போங்சூன் ஒரு கோஸையே திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தாள். எப்படியாவது இன்யோங்கைத் தனியே கூட்டிக்கொண்டு போய் முதலில் தானே சொல்லிவிட வேண்டும். கூப்பிடலாம் என்று மூன்று முறை வாயெடுத்தாள். மூன்று முறையும் "அந்தக் கையுறையை எடு" என்றுதான் வந்தது.

மதியம் பன்றி இறைச்சி வெந்து வந்தது. சூடான துண்டைப் புதுக் கிம்ச்சி இதழில் சுற்றி, கையுறைக் கையோடு ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டுவது இங்கே வழக்கம். இன்று முதல் உருண்டை இன்யோங் வாய்க்குப் போயிற்று. இரண்டாவதும் அவளுக்குத்தான். அப்புறம் ஒருத்தி விடாமல் வந்து ஊட்டினார்கள். "சாப்பிடு கண்ணு." "நல்லாச் சாப்பிடு, எப்படி இளைச்சுட்டே." ஒருத்தி அவள் கன்னத்தைத் தடவினாள். அந்த அம்மாள் போன வாரம் வரைக்கும் இன்யோங்கின் கும்பிடுக்குத் தலைகூட அசைத்ததில்லை.

இன்யோங்கின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தது. மெல்ல முடியாமல் சிரித்தாள்.

"அத்தை, இன்னைக்கு என்ன எல்லாருக்கும் ஆச்சு? எனக்கு மட்டும் விருந்து வைக்கிறாங்க. பொறந்த நாள்கூட இல்லையே!"

அவள் சிரிப்பதைப் பார்க்கப் பார்க்க, போங்சூனுக்குச் செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

அப்போதுதான் மால்சூன் வந்தாள். எண்பதை நெருங்கும் மனுஷி. மனசில் கள்ளமில்லை, வாயில் கதவில்லை. இறைச்சி உருண்டையை இன்யோங் வாயில் வைத்துவிட்டு, அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, ரகசியம் பேசுகிற நினைப்பில் முற்றம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"ஏன்டி பொண்ணே, அது ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?"

"எது பாட்டி?"

"நீ பெத்துக் குடுத்தியே, அது."

இன்யோங் மெல்லுவதை நிறுத்தினாள். முதலில் மால்சூனைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவரும் தொட்டிக்குள் குனிந்துகொண்டதைப் பார்த்தாள். கடைசியாக மாமியாரைப் பார்த்தாள். வாயில் இருந்ததை விழுங்க அவள் பட்ட பாட்டைப் போங்சூன் சாகும்வரை மறக்கமாட்டாள்.

"பொம்பளைப் பிள்ளை பாட்டி" என்றாள் இன்யோங் மெதுவாக. கையுறைகளைக் கழற்றித் தொட்டி விளிம்பில் வைத்தாள். சமையல் கட்டுக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்கு நடந்தாள்.

போங்சூன் விழுந்தடித்துப் பின்னால் ஓடினாள்.

இன்யோங் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழுவினாள்.

"யார்கிட்ட சொன்னீங்க அத்தை?"

"யார்கிட்டயும் சொல்லலடி. என் மேல சத்தியம். ஆண்டவர்கிட்டதான் சொன்னேன். சத்தத்தோட சத்தமா ஜெபிச்சேன். மணி அடிச்சது காதுல விழல. அதுதான் நடந்தது, வேற ஒண்ணும் இல்ல."

"என்னன்னு ஜெபிச்சீங்க?"

"உனக்காகத்தான் ஜெபிச்சேன்."

"அது இல்ல. மணி அடிச்ச பிறகு என்ன வார்த்தை சொன்னீங்க?"

போங்சூன் முந்தானை போல் கட்டியிருந்த சமையல் துணியைப் பிடித்து முறுக்கினாள்.

"நீங்க சொல்லலன்னா நான் அங்க போய் ஒவ்வொருத்தரா நிறுத்திக் கேப்பேன்."

சொன்னாள். குரல் வராமல், தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். காலையில் தானாகக் கொட்டிய வார்த்தைகள் இப்போது ஒவ்வொன்றாகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தன.

இன்யோங் குழாயை மூடினாள். அவள் அழவில்லை. போங்சூனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஆண்டவருக்கு என் பேர் தெரியாதா அத்தை?"

"தெரியும்டி."

"நான் என்ன செஞ்சேன்னு தெரியாதா? அவருக்குத் தெரியாத எதைச் சொல்லணும்னு அவ்வளவு சத்தமாச் சொன்னீங்க?"

போங்சூன் முறுக்கிய துணியைப் பிரித்து மறுபடி முறுக்கினாள்.

"மணி காதுல விழுந்தது, விழல, அதெல்லாம் போகட்டும். வாய் தவறுறது எல்லாருக்கும் நடக்கும். அதை நான் பொறுத்துக்குவேன்." இன்யோங் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்குக் குளியல் கூடத்துல என்ன சொன்னீங்க? அப்படிக் கணக்குப் பார்க்கிறவர் இல்ல அவர்னு சொன்னீங்க. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அத்தை நான் நிம்மதியாத் தூங்கினேன்."

"அது நெஜம்தான்டி. மனசாரச் சொன்னேன்."

"அவர்கிட்டப் போய் வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே. என்கிட்டப் பொய் சொல்லுவீங்க. யார்கிட்ட வேணாலும் பொய் சொல்லுவீங்க. முழங்கால்ல நின்னு அவர்கிட்டப் பொய் சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

மறுத்துச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் என்று போங்சூன் தேடினாள். கிடைக்கவில்லை. ஏனென்றால் மருமகள் சொன்னது முழுக்க உண்மை.

இன்யோங்கின் பார்வை மாமியாரின் இடது மணிக்கட்டுக்குப் போயிற்று. பச்சை வளையம் அங்கேயே இருந்தது. போங்சூன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க அத்தை. இன்னைக்குச் சாயங்காலம் நானே உங்க மகன்கிட்டச் சொல்லிடறேன். என் வாயால சொல்லணும். எப்படிச் சொல்லணும்னு எட்டு வருஷமா மனசுக்குள்ள வச்சிருக்கேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் பேசாம இருக்க முடியுமா?"

"இருக்கேன்டி. சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேண்டாம். சும்மா இருங்க, போதும்."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக நடந்தே வீட்டுக்குப் போனாள்.

நாலு மணிக்குத் தேஷிக் வந்தான். துறைமுகத்தில் படகு எந்திரம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். சனி, ஞாயிறுகளில் சபை வேனை ஓட்டுவதும் அவன்தான். கிம்ச்சி டப்பாக்களை ஏற்றினான், கிழவிகளைக் கைத்தாங்கலாக ஏற்றினான், அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்தான்.

"இன்யோங் எங்கேம்மா?"

"முன்னாடியே போய்ட்டா."

வேன் கிளம்பிற்று. இந்த வேனில் பெண்கள் ஏறினால் ரேடியோ போட வேண்டிய அவசியமே இருக்காது. இன்று எந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. தேஷிக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். "பாவம், நல்ல பையன்" என்றாள் ஒருத்தி, யாரிடம் என்றில்லாமல். "ஜெபத்துல உன்னை நினைச்சுக்கறேன்ப்பா" என்றாள் இன்னொருத்தி. மால்சூன் கடைசியாக இறங்கினாள். வழக்கமாக மூச்சு விடாமல் பேசுகிறவள், இன்று அவன் தோளை இரண்டு தட்டுத் தட்டி, "மனசை விட்டுடாதேப்பா" என்று மட்டும் சொன்னாள்.

வேனில் தாயும் மகனும் மட்டும் இருந்தார்கள்.

"என்னம்மா இதெல்லாம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா எல்லாரும் என்னைச் சாவு வீட்டுக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்க?"

போங்சூன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சும்மா இரு, சும்மா இரு என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். சிவப்பு விளக்கில் வேன் நின்றது.

"இன்யோங்குக்கு என்ன?" தேஷிக்கின் குரல் மாறிவிட்டது. "அவ எப்பவும் வேன்லதானே வருவா. போன மாசம் ஆஸ்பத்திரியில ஏதோ பரிசோதனை எடுத்தாங்களே. முடிவு வந்துடுச்சா? கட்டி கிட்டின்னு ஏதாவது சொல்லிட்டாங்களா? எனக்கு மட்டும் சொல்லாம சபைக்கே சொல்லி ஜெபம் பண்றீங்களா?"

"இல்லடா."

"அம்மா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அவ பொழைப்பாளா?"

ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த அவன் கை நடுங்கிற்று. எந்திரத்துக்குள் கையை விட்டு எத்தனையோ வருஷமாக வேலை செய்கிற கை அது, நடுங்கிப் போங்சூன் பார்த்ததில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. தன் பிள்ளை தன் கண்ணெதிரே செத்துச் செத்துப் பிழைப்பதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் வாயை மூடிக்கொண்டிருப்பாள்? நோய் இல்லை என்று மட்டும் சொன்னால் என்ன? அது மருமகளுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதாகுமா?

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லடா. கல்லு மாதிரி இருக்கா."

"அப்போ என்ன?"

"அவளைத் திட்டாதேடா. அப்போ அவ சின்னப் பொண்ணு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மகனுக்கு ஆறுதல், மருமகளுக்குப் பரிவு, இரண்டும் சேர்ந்த நல்ல வார்த்தை என்றுதான் நாக்கு அதை வெளியே விட்டது.

விளக்கு பச்சையாயிற்று. பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பின. தேஷிக் வேனை ஓரமாக, மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். எந்திரத்தை அணைத்தான்.

"எப்போ சின்னப் பொண்ணு?"

அதற்கு மேல் அவன் கேட்கக் கேட்க, அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். இறங்கி நடந்திருக்கலாம். வலி வந்த மாதிரி நடித்திருக்கலாம். இதெல்லாம் பிறகு தோன்றியது. பாதி சொன்னால் இல்லாத அசிங்கத்தையெல்லாம் கற்பனை பண்ணிக்கொள்வானே என்று பயந்து, முழுவதையும் சொன்னாள். வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கி, மென்மையாகத்தான் சொன்னாள்.

தேஷிக் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"போன புதன்கிழமை."

"சபைக்கு?"

"இன்னைக்குக் காலையில."

அவன் தலையை ஆட்டினான். அந்தக் குழந்தை யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் காரமீன் குழம்பு மணந்தது. தேஷிக்குக்குப் பிடித்த குழம்பு. மேஜையில் கிண்ணங்கள் இருந்தன. இன்யோங் குளித்துத் தலை வாரி, ஞாயிற்றுக்கிழமை போடுகிற வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் ஒரு தீர்மானம் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள் போலிருக்கிறது.

தேஷிக் செருப்பு விடும் இடத்திலேயே நின்றான்.

"உள்ள வாங்க. உட்காருங்க" என்றாள் இன்யோங். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க எதுவும் பேசாதீங்க. பேசினா என்னால மறுபடி ஆரம்பிக்க முடியாது. எனக்குப் பத்தொன்பது வயசு இருக்கும்போது..."

"தெரியும்" என்றான் தேஷிக்.

இன்யோங் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்ற மாமியாரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. கையை ஓங்கியிருந்தால்கூடத் தேவலை. வெறுமனே பார்த்தாள்.

"எங்கம்மாகிட்டச் சொல்ல முடிஞ்சிருக்கு" என்றான் தேஷிக். அவன் சத்தம் போடவில்லை. "என்கிட்ட முடியல. எட்டு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். என்கிட்ட முடியல."

"இப்போ சொல்லத்தான்..."

"எனக்குக் கொஞ்சம் வெளிக்காத்து வேணும்."

கழற்றாத செருப்போடு அப்படியே திரும்பிப் போனான். படிக்கட்டில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வேன் கிளம்பிற்று.

இன்யோங் அடுப்பை அணைத்தாள். குழம்பைத் தட்டுப் போட்டு மூடினாள். பிறகு உள்ளே போய்ப் பையில் துணி எடுத்து வைக்க ஆரம்பித்தாள். போங்சூனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறை வாசலில் நின்று தவித்தாள்.

"அவன் நீ சாகக் கிடக்கிறேன்னு நினைச்சு நடுங்கினான்டி. பார்க்க முடியல. நல்லதுன்னு நினைச்சுத்தான்... என்னை மன்னிச்சுடும்மா. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"மன்னிச்சுட்டேன் அத்தை. மன்னிக்கலன்னா என்னால ஜெபிக்க முடியாதே." கடையில் பாக்கிச் சில்லறை கொடுப்பது போல அவள் அதைச் சொன்னாள். "உங்க மகன்கிட்ட இதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு தடவைதான் இருந்தது. நான் சொல்லியிருந்தா அவர் என் முகத்தைப் பார்த்திருப்பார். என் கண்ணுல தண்ணி வர்றதைப் பார்த்திருப்பார். என்ன நினைச்சிருப்பாரோ, தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல."

"எங்கேடி போறே?"

"சுன்சன்ல அக்கா வீட்டுக்கு."

"எப்போ வருவே?"

இன்யோங் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

போன் அடித்தது. பாஸ்டரம்மா. எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிக்கும் என்று போங்சூன் எடுத்துக் காதில் வைத்தாள்.

"குவொன்சாம்மா, ஒரு விஷயம். நாளைக்கு மத்தியான ஆராதனையில சபைக்காக ஜெபம் பண்றது உங்க முறை. இன்னைக்கு நடந்ததுக்கு அப்புறம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னா வேற யாரையாவது போட்டுடறேன். ஆனா நீங்களே வந்து நின்னு ஜெபிச்சா, வதந்தியெல்லாம் அடங்கிடும்னு எனக்குத் தோணுது. என்ன சொல்றீங்க?"

இன்யோங் வாசலில் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். போனில் வந்த குரல் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவில் கை வைத்தபடி திரும்பினாள்.

"நாளைக்கு ஜெபத்துல என் பேரை மட்டும் விட்டுடுங்க அத்தை."

கதவு சாத்திக்கொண்டது.

"ஹலோ? குவொன்சாம்மா, இருக்கீங்களா? யாரு அங்க? இன்யோங்கா? அழறாளா? என்ன ஆச்சு, சொல்லுங்க."

போங்சூன் வாயைத் திறந்தாள்.